ஏழு மணி அறிவிப்பு

தாராவி
9-6-2024

பிரியமுள்ள தங்கச்சி சங்கரேஸ்வரிக்கு அக்கா கனகவள்ளி எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அத்தான், ரமேஷ்குமார், ராணி நாலு பேரும் சுகம். மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை, அதற்குள் எனக்கு முழங்கால் பிடித்துவிட்டது. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரர் ஹரி மாப்பிள்ளை நெருளிலிருந்து ஆபீசுக்கு இன்னும் நின்றுகொண்டேதான் போகிறாரா?

கையில் போன் இருக்கும்போது அக்காவுக்கு என்ன கடுதாசிப் பைத்தியம் என்று சிரிப்பாய். பத்துக்குப் பத்து ரூமில் நான் போனைக் காதில் வைத்தால் பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றுவிடுகிறது. உன் அத்தான் சாயந்தரம் வந்ததும் எல்லார் போனையும் ஒரு தரம் தடவிப் பார்க்கிறார். ராணி போனை ஏப்ரலிலேயே வாங்கிப் பெட்டியில் பூட்டியாயிற்று. யாரோ ஒருத்தனோடு பேசுகிறாள் என்று தெரிந்தது. யார் என்று அவளும் சொல்லவில்லை, அடி வாங்கியும் சொல்லவில்லை. வேலையையும் நிறுத்தியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருவது ஒன்றுதான் அவளுக்கு வாசல்படி தாண்டுகிற நாள். அதுவும் சித்தி வீடு என்பதால்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கேபிள் சேனல் உனக்குத் தெரியும். நைன்ட்டி ஃபீட் ரோட்டில் ஷகீல் பாய் மாடியில் ஒரு ரூம், ஒரு கேமரா. எங்கள் நாலு தெருவைத் தாண்டினால் தெரியாது. காலையில் தெலுங்கு பஜனை, சாயந்தரம் ஆறு மணிக்கு மராத்தி, ஏழு மணிக்கு என்னுடைய தமிழ், எட்டு மணிக்கு கவாலி. வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். பிறந்தநாள், காதுகுத்து, இறப்பு, எதுவானாலும் சீட்டு எழுதிப் போட்டால் நான் வாசிப்பேன். அதில் 'குர்லா பேபி தர்ஷினிக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்து' என்று மே மாதம் ஒரு சீட்டு வந்தது. வாசித்தேன். போன வாரம் அதே பேபி தர்ஷினி, அதே எழுத்து, செம்பூரில் பிறந்திருக்கிறாள். சீட்டு இந்தியில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத வராது, பாதிச் சீட்டு இந்திதான். ஆனாலும் எனக்கு மனசு குறுகுறுக்கிறது.

என் புரோகிராமை 'அம்மா டிவி' என்று கேலி செய்த ராணி, இப்போது ஏழு மணிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறாளாம். உன் அத்தான்தான் பெருமையாகச் சொன்னார். எனக்குப் பெருமையாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒன்பது மணிக்குக் கிளம்புகிறாள். உன் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருகிறாள்? அதை மட்டும் எழுது. வீட்டுக்குப் போடாதே, சேனல் விலாசத்துக்குப் போடு. ரமேஷ்குமார் கையில் கிடைத்தால் பயமில்லை, அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க அரை நாளாகும். உன் அத்தான் கடகடவென்று வாசிப்பார்.

இப்படிக்கு, உன் உடம்பை நினைத்துக்கொண்டே,
அக்கா கனகவள்ளி


நெருள்
21-6-2024

அன்பும் பாசமுமான அக்காவுக்கு சங்கரி எழுதுவது. இங்கே இருவரும் நலம். சர்க்கரை நூற்றறுபதில் நிற்கிறது. உன் முழங்காலுக்குப் பிண்டத்தைலம் வாங்கி ராணியிடம் கொடுத்து அனுப்பினேன், போட்டுக்கொண்டாயா?

ராணி ஒழுங்காக வருகிறாள், போகிறாள். போன ஞாயிறு புளியோதரை செய்தோம். பிள்ளை கைமணம் உன்னை மாதிரியே. சாயந்தரம் இங்கே கோயிலுக்குப் போய் வந்தோம். கோயிலில் புதிதாகக் கிரானைட் போட்டிருக்கிறார்கள், ஈரத்தில் வழுக்குகிறது. அவள் மெலிந்துபோய்விட்டாள் அக்கா. சாப்பாட்டைப் பார்த்துக்கொள். அத்தானிடம் எதையும் பெரிதாக்க வேண்டாம் என்று சொல்.

பிறந்தநாள் சீட்டை எல்லாம் நினைத்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதே. ஒரே பேரில் ஊரில் எத்தனையோ பிள்ளை.

வணக்கத்துடன்,
சங்கரி


தாராவி
26-6-2024

என் தங்கச்சிக்கு, அக்கா. சுகம். தைலம் வந்தது, வலி போகவில்லை, வாசனையும் போகவில்லை.

பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்லுகிறாய். எத்தனை மணிக்கு வருகிறாள் என்று கேட்டேன். கேட்காத புளியோதரைக்கும் கிரானைட்டுக்கும் அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். கேட்டதற்கு ஒரு வரி இல்லை. சின்ன வயதிலிருந்து எனக்கு உன்னைத் தெரியும், பொய் சொல்லத் தெரியாவிட்டால் பேச்சை மாற்றுவாய்.

பேபி தர்ஷினி மூன்றாவது தரமும் பிறந்துவிட்டாள். இந்தத் தடவை மான்குர்தில். குர்லா, செம்பூர், மான்குர்த். இதெல்லாம் ராணி உன் வீட்டுக்கு வருகிற ரயில் பாதை இல்லையா? சீட்டு சனிக்கிழமை வருகிறது, இவள் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள். இந்த வாரம் எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று எவனோ ஒருத்தன் என் மகளுக்குத் தகவல் சொல்லுகிறான். அதை நான் பவுடர் போட்டு, பூ வைத்து, சிரித்துக்கொண்டே வாசித்திருக்கிறேன். பெற்ற தாயையே தூதுக்கு அனுப்பியிருக்கிறான், பார்த்தாயா சங்கரி?

எனக்கு ஆஷிக் மேல்தான் சந்தேகம். சேனலில் எடிட்டிங் செய்கிற பையன், ஷகீல் பாய்க்குத் தூரத்து உறவு. பெட்டியின் சாவி அவனிடம்தான் இருக்கிறது. சீட்டு இந்தி. என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு, "சலாம் ஆன்ட்டி" என்கிறான். ஏன் தலையைக் குனிய வேண்டும்?

உடனே பதில் போடு. உன் சர்க்கரையைப் பார்த்துக்கொள்.

கனகவள்ளி


நெருள்
18-7-2024

அன்புள்ள அக்காவுக்கு. இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபிக்காதே. வைரல் காய்ச்சல், பத்து நாள் எழுந்திருக்கவில்லை. இப்போது பரவாயில்லை. நீங்கள் எல்லாரும் சுகம்தானே?

ராணிக்குப் பேசுகிற சங்கரன்கோவில் மாப்பிள்ளை விஷயம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? ராணியிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

ஆஷிக்கை வீணாகச் சந்தேகப்படாதே. நல்ல பையன். வாப்பா இல்லாத வீட்டில் அவன் சம்பளம்தான் அடுப்பெரிக்கிறது. பாவத்தைக் கட்டிக்கொள்ளாதே அக்கா.

சங்கரி


தாராவி
23-7-2024

சங்கரேஸ்வரிக்கு. காய்ச்சல் விட்டது கேட்டு நிம்மதி. கஞ்சியோடு கொஞ்சம் துவையலும் வைத்துக்கொள்.

ஆஷிக்கை நீ எங்கே பார்த்தாய்? அவனுக்கு வாப்பா இல்லை என்று எனக்கே உன் கடிதம் பார்த்துத்தான் தெரியும். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாக இருக்கிறது. ராணி சொல்லியிருக்கிறாள், நீ கேட்டிருக்கிறாய். அப்படியென்றால் அவன்தான் என்று முடிவு கட்டினேன். ஷகீல் பாயிடம், "அவன் இருந்தா நான் படி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. தமிழ் விளம்பரம் போய்விடும் என்று அவருக்குப் பயம். ஆஷிக் திங்கட்கிழமையிலிருந்து வருவதில்லை. போகும்போதும், "சலாம் ஆன்ட்டி" என்றுதான் சொன்னான்.

இன்னொரு விஷயம். பிரம்மநாயகம் அண்ணாச்சி மகள் ஒரு தெலுங்குப் பையனோடு போய்விட்டாள். நம் ஆட்கள் வழக்கப்படி சாதிச் சங்கத்திலிருந்து கண்ணீர் அஞ்சலி கொடுத்தார்கள். பிள்ளை படத்துக்கு மாலை போட்டு, அகால மரணம் என்று எழுதி. நான்தான் வாசித்தேன். எட்டு வருஷத்தில் இது ஏழாவது. உயிரோடு இருக்கிற பிள்ளைகள் என்று எல்லாருக்கும் தெரியும். தலைமுழுகியதை ஊருக்குச் சொல்லுகிற முறை, அவ்வளவுதான் என்று நானும் வாசித்துக்கொண்டு வருகிறேன். என் குரல் கேட்டால் கல்லும் அழும் என்பார்கள்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது உன் அத்தான் என்ன சொன்னார் தெரியுமா? "நம்ம வீட்டுல இப்படி ஒண்ணு நடந்தா, நீதாம்ளா வாசிக்கணும். வேற ஆளு வாசிக்கப்படாது." ராணி எதிரில் உட்கார்ந்திருந்தாள். கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அது முதல் எனக்கு ஒரே நினைப்புத்தான். எப்படியாவது இதை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும். உனக்குத் தெரிந்ததைச் சொல்லு.

அக்கா


நெருள்
30-7-2024

அக்கா, நலம். நீ நலமா என்று கேட்கக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆஷிக்கைத் திரும்பக் கூப்பிடு. அவன் இல்லை. என் பிள்ளைகள் மேல் ஆணையாகச் சொல்ல எனக்குப் பிள்ளை இல்லை, ராணி மேல் ஆணை. அவன் இல்லை.

யார் என்று கேட்காதே. கேட்டால் மறுபடியும் புளியோதரையைப் பற்றித்தான் எழுதுவேன்.

சங்கரி


தாராவி
3-8-2024

தங்கச்சி என்று எழுத வருகிறது, எழுதிவிட்டேன். சுகம் விசாரிக்க மனசு வரவில்லை, ஆனாலும் மாத்திரையை விடாதே.

ஆக, உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவள் உன் வீட்டுக்கு வருகிற நேரமும் தெரியும். எவனோடு வருகிறாள் என்பதும் தெரியும். உன் வீட்டிலேயே அவனுக்கும் இலை போட்டாயோ என்னவோ. நான் இங்கே ஒவ்வொருத்தன் முகத்தையும் திருடன் முகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பால்காரனை, வேல்ராஜ் கடைக்காரனை, ரமேஷ்குமாரின் சிநேகிதன் தௌசீப்பை. நீ அங்கே புளி கரைத்துக்கொண்டிருக்கிறாய்.

ஷகீல் பாயிடம் ஆஷிக்கைத் திரும்பக் கூப்பிடச் சொன்னேன். அவன் குர்லாவில் ஒரு மொபைல் கடையில் சேர்ந்துவிட்டானாம். வர முடியாது என்றானாம்.

சங்கரன்கோவில்காரர்கள் ஆவணிக் கடைசியில் பார்க்க வருகிறார்கள். அதுவரை ராணி உன் வீட்டுக்கு வர மாட்டாள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று உன் அத்தான் கேட்பார். அதனால் வாயை மூடிக்கொண்டு அனுப்புகிறேன். என் பிள்ளையைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பு. எனக்கு வேறே ஒன்றும் வேண்டாம்.

கனகவள்ளி


தாராவி
21-8-2024

சங்கரி,

ராணி ஞாயிற்றுக்கிழமை போனவள் வரவில்லை. அது உனக்குத் தெரியும். உன் அத்தானும் ரமேஷ்குமாரும் உன் வீட்டுக்கு வந்து நின்றபோது, "மத்தியானமே திரும்பிட்டாளே" என்று நீ சொன்னதும் எனக்குத் தெரியும். ஹரி மாப்பிள்ளை முகம் வெளுத்துப்போயிருந்தது என்று ரமேஷ்குமார் சொன்னான்.

திங்கட்கிழமை முதல் மராத்திப் புரோகிராமுக்கு நிலேஷ் வரவில்லை. ஆறு மணிக்கு மராத்தி வாசித்துவிட்டு, ஏழு மணிக்கு எனக்குக் கேமரா பிடிக்கிற பையன். மராத்தியும் அதே எழுத்துதானே, நாலு வார்த்தைச் சீட்டில் இந்தி என்று நான் நினைத்தது இந்தியே இல்லை. நான் சீட்டு வாசிக்கும்போதெல்லாம் அவன்தான் கேமராவுக்குப் பின்னால் நின்றான். எனக்கு நேர் எதிரே, ஆறடி தூரத்தில். அவனை நான் ஒருநாளும் சந்தேகப்படவில்லை. ஆஷிக்கை ஏன் சந்தேகப்பட்டேன்? சாவி என்றேன், இந்தி என்றேன், தலையைக் குனிகிறான் என்றேன். எல்லாம் பொய். பேரைப் பார்த்துத்தான் சந்தேகப்பட்டேன். அந்தப் பிள்ளை வயிற்றில் அடித்தேன்.

உன் அத்தான் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. சங்கத்தில் மூன்று வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். அதற்குள் வராவிட்டால் அஞ்சலி. ராணியின் பத்தாம் வகுப்புப் போட்டோவைப் பெரிசு பண்ணக் கொடுத்திருக்கிறார்.

எங்கே இருக்கிறாள் என்று சொல்லு. நான் மட்டும் போய் ஒரு தரம் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். கூட்டிக்கொண்டு வர மாட்டேன். உன் காலில் விழுகிறேன்.

அக்கா


நெருள்
30-8-2024

அன்புள்ள அக்கா,

ராணி நலமாக இருக்கிறாள். முதலில் அதைப் படித்து மூச்சு விட்டுக்கொள். கல்யாணம் பதிவாகிவிட்டது. சாட்சிக் கையெழுத்தில் ஒன்று என்னுடையது. உன் வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் போட்டேன். நிலேஷ் நல்லவன். மே மாதத்திலிருந்து எட்டு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சாப்பிட்டிருக்கிறான், ஒரு நாளும் தட்டை என்னைக் கழுவவிட்டதில்லை. ஆஷிக் விஷயத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தால் நிலேஷ் மாட்டுவான் என்று ஒரு பிள்ளையைப் பலி கொடுத்துவிட்டேன். அந்தப் பாவம் உனக்கு மட்டும் இல்லை.

விலாசம் தர மாட்டேன். உன்னை நம்புகிறேன் அக்கா, உன் வீட்டை நம்பவில்லை. நீ போகிற வழியில் உனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று உனக்குத் தெரியாது.

ராணி ஒன்று கேட்கச் சொன்னாள். அப்படியே எழுதுகிறேன். "சித்தி, அம்மா அதை வாசிப்பாளான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

சங்கரி


தாராவி
14-9-2024

என் கண்ணான தங்கச்சி சங்கரிக்கு, அக்கா. நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் சுகமாக இருக்க வேண்டும், முக்கியமாக இப்போது.

திங்கட்கிழமை சீட்டு வந்தது. சங்கத்து ஆட்களே இரண்டு பேர் மாடி வரைக்கும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கீழே டீக்கடை டிவியில் பார்ப்பதற்காக இறங்கிப் போனார்கள். உன் அத்தான் வீட்டு டிவி முன்னால். ஷகீல் பாய்க்குத் தமிழ் வாசிக்க வராது, ஆனாலும் மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "பாபி, ஆஜ் சோட் தோ, இன்னைக்கு விட்டுருங்க, பாட்டுப் போட்டுக்கலாம்" என்றார். நான் வேண்டாம் என்றேன்.

உட்கார்ந்தேன். பொடிச் சீட்டு முழுக்க வாசித்தேன். ஒரு காதுகுத்து, இரண்டு பிறந்தநாள், கோயில் கொடை. கடைசியில் ராணியின் படம் திரையில் வந்தது. 'கோமதிநாயகத்தின் மகள் விஜயராணி' வரைக்கும் வாசித்தேன். அதோடு நிறுத்திவிட்டேன். நான் அழவில்லை சங்கரி. எனக்குக் கோபம் வந்தது. சீட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: "இவ எம் மக. சாகல. கல்யாணம் பண்ணி நல்லா இருக்கா. இதுக்கு முன்னால இதே எடத்துல உக்காந்து ஏழு பிள்ளைகளச் செத்துட்டதா வாசிச்சேன். பொய்யின்னு தெரிஞ்சேதான் வாசிச்சேன். அதுகளும் சாகல. எல்லாரும் உசிரோடதான் இருக்காவ." ஏழு பேரையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு பெயர் கூட எனக்கு மறக்கவில்லை.

ராணியிடம் சொல்லு, அம்மா வாசிக்கவில்லை என்று.

தமிழ் ஸ்லாட் மறுநாளே நின்றுவிட்டது. அந்த நேரத்துக்குத் தெலுங்கு பஜனையைத் திரும்பப் போடுகிறார்கள். அது போகட்டும். உன் அத்தான் அன்றைக்கு அடிப்பார் என்று நினைத்து வீட்டுக்கு வந்தேன். அடிக்கவில்லை. சாப்பாடு போடச் சொன்னார். இரண்டு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் தானே டீ போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவை. "நடந்தது நடந்துபோச்சு. பிள்ளை பிள்ளைதானே. புரட்டாசியில ஊருக்குக் கூட்டிட்டுப் போயி சாஸ்தா கோயில்ல கும்புட வச்சுட்டு வந்துருவோம். ஓந் தங்கச்சிகிட்டச் சொல்லு" என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அன்றைக்கே உனக்கு எழுதி விலாசம் கேட்க உட்கார்ந்தேன். பாதிக் கடுதாசி எழுதியும் விட்டேன்.

அன்று மத்தியானம் அடுத்த சால் வீட்டு வரிசையிலிருந்து முப்பிடாதியம்மாள் வந்தாள். அவள் மகள் மாரிச்செல்விக்குத்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் வாசித்தேன். அந்த ஏழில் மூன்றாவது பிள்ளை. வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு உள்ளே வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம் பிள்ளைய எங்கக்கா பாத்திய? உசிரோட இருக்கான்னு டிவியில சொன்னியளே, எங்கன பாத்திய?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன், உனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்பிடித் தெரியும்? எல்லாத்தயும் மன்னிச்சாச்சுன்னு சொல்லி, ஊருக் கோயிலுக்குன்னு அவளக் கூட்டிட்டுப் போனாவ. வரும்போது அவ இல்ல. திரும்பவும் ஓடிட்டான்னு சொன்னாவ. மறுநாளு ஒங்க வாயாலதான் அஞ்சலி கேட்டேன். நீங்களே இப்ப இருக்கான்னு சொல்லவும் ஓடி வந்தேன்."

பிடித்த கையை அவள் விடவில்லை. பார்த்தேன் என்றும் சொல்ல முடியவில்லை, பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. கடைசியில் அவளே கையை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவள் போன பிறகு உன் அத்தான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஊர் ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறார். அவருக்கு ஒன்று, ரமேஷ்குமாருக்கு ஒன்று, ராணிக்கு ஒன்று. ராணிக்குப் புதுச் சேலையும் இருக்கிறது. எனக்கு டிக்கெட் இல்லை. ராத்திரி ஜாடையாகக் கேட்டேன். "ஒனக்கு எதுக்கு அலைச்சல்? நீ இங்கனயே இரு" என்று ரொம்பப் பிரியமாகச் சொன்னார்.

ஒருவேளை மனுஷன் நிஜமாகவே மனசு மாறியிருக்கலாம். நான்தான் சந்தேகப் பேயாக ஆகிவிட்டேனோ என்னவோ. அப்படியே இருக்கட்டும். ஒரு பிள்ளையை வீணாகச் சந்தேகப்பட்டதற்கு என்னை ஆண்டவன் தண்டிக்கட்டும். இவரைச் சந்தேகப்பட்டதற்கும் தண்டிக்கட்டும், வாங்கிக்கொள்கிறேன்.

பாதி எழுதின அந்தக் கடுதாசியைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். பிள்ளைகளை வீடு மாற்றச் சொல். புது விலாசத்தை நீயும் தெரிந்துவைத்துக்கொள்ளாதே. இவர்கள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசச் சொல்வார்கள். நான் போனில் உன்னைக் கூப்பிடுவேன். ராணி எங்கே என்று கேட்டு அழுவேன். அந்த அழுகை நிஜமாகத்தான் இருக்கும், சங்கரி. அப்போதும் சொல்லாதே.

உன் அக்கா
கனகவள்ளி